சாலை வைத்த கதை



இன்று காலை திருச்சி ஜங்ஷனில் இறங்கி, ஆட்டோ ஓட்டும் தம்பி ஒருவரிடம் "சாலை ரோட்டுக்குப் போகணும்பா" என்றேன். "சாலை ரோட்ல எந்த இடம் சார்?" என்று கேட்டுக்கொண்டே வண்டியை எடுத்துவிட்டார். அவருக்கு அந்தப் பெயரில் எந்த விநோதமும் தெரியவில்லை. உங்களுக்கும் தெரியாது, ஏனென்றால் நீங்கள் திருச்சிக்காரர்கள். வெளியூர்க்காரனுக்குத்தான் சிரிப்பு வரும். சாலை என்றாலும் ரோடு, ரோடு என்றாலும் ரோடு. 'நடு சென்டர்' என்று சொல்கிறோமே, அந்தக் கூட்டத்தில் சேர்த்துவிட்டுப் போய்விடலாம்.

ஆனால் எனக்கு ஒரு சந்தேகம். ஊர்க்காரர்கள் அசட்டுத்தனமாகப் பெயர் வைப்பதில்லை. சாலைக்குப் பக்கத்தில் ரோடு என்ற சொல்லை ஒருவன் ஒட்டினான் என்றால், அவன் காதில் சாலை என்பது ரோடாக விழவில்லை என்றுதான் பொருள். வேறு என்னவாகவோ விழுந்திருக்கிறது. அந்த 'வேறு என்ன' என்பதுதான் இன்றைய பேச்சு. இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளையை நிறுவிய பெரியவர் நெடுஞ்சாலைப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர் என்று துறைத்தலைவர் சொன்னார். அவருக்கு இந்தப் பொருள் பிடித்திருக்கும் என்று நம்புகிறேன். முடிவு பிடிக்குமா என்பது வேறு விஷயம்.

தமிழில் வழிக்குச் சொற்பஞ்சம் கிடையாது. ஆறு என்றாலே வழிதான்; பரிசில் பெற்ற பாணன் இன்னொரு பாணனுக்கு வழி சொல்வது ஆற்றுப்படை, வழிமறித்துப் பறிக்கிறவன் ஆறலைகள்வன். நெறி, அதர், தடம் எல்லாம் பழைய சொற்கள். ஊருக்குள் வந்துவிட்டால் தெரு, மறுகு, வீதி. கொங்கு நாட்டில் இரண்டு பக்கமும் வேலி சூழ்ந்த வண்டித்தடத்துக்கு இட்டேரி என்று பெயர். யாழ்ப்பாணத்தில் குறுகலான தெருவுக்கு ஒழுங்கை. நம் தென்மாவட்டங்களில் முடுக்கு. இதோ இங்கிருந்து மதுரைக்குப் போகிற வழியில் விராலிமலையைத் தாண்டினால் கொடும்பாளூர் வருகிறது. கோவலனும் கண்ணகியும் மதுரைக்குப் போகும்போது, அந்தக் கொடும்பாளூரிலிருந்து வழி மூன்றாகப் பிரிகிறது என்று மாங்காட்டு மறையோன் விளக்கமாகச் சொல்கிறான். வழி, நெறி என்றுதான் அவன் பேச்சு ஓடுகிறது.

சோழர் காலத்துக்கு வந்தால் பெருவழி என்ற கம்பீரமான சொல் நிற்கிறது. கோவைக்கு மேற்கே, பாலக்காட்டுக் கணவாயை நோக்கிப் போகும் பக்கத்தில், இராசகேசரிப் பெருவழி என்று பாறையில் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஒரு பக்கம் தமிழ் எழுத்து, ஒரு பக்கம் வட்டெழுத்து. மலைக்கு அந்தப் பக்கத்துக்காரனும் படிக்கட்டும் என்று. அதில் சோழனைக் கோழியர் கோ என்கிறார்கள். கோழி என்றால் உறையூர். உங்கள் சாலை ரோடு போய்ச் சேரும் அதே உறையூர்தான். அந்தச் சின்ன வெண்பாவில் நிழல், நிழல் என்று அந்தச் சொல் திரும்பத் திரும்ப வருகிறது. அது அரசனின் குடைநிழல், மரத்தின் நிழல் அல்ல. இருந்தாலும், ரோட்டோரத்தில் நின்று வெயிலில் ஒரு கவிஞன் யோசித்தால் அவனுக்கு முதலில் தோன்றுவது நிழல்தான் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

தருமபுரிப் பக்கத்து அதியமான் பெருவழிக் கல்லை நான் வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். நாவல்தாவளத்துக்குக் காதம் 29 என்று எழுத்தில் இருக்கிறது. அதோடு விடவில்லை. எழுத்துத் தெரியாதவனுக்காகப் பெரிய குழி இரண்டு, சின்னக் குழி ஒன்பது என்று வெட்டியிருக்கிறான். பெரியது பத்து, சின்னது ஒன்று. இருட்டில் வருகிறவன் விரலால் தடவிப் பார்த்தே தூரம் தெரிந்துகொள்ளலாம். இன்றைய பச்சைப் பலகையில் இந்த வசதி இல்லை.

அந்தப் பாறையிலும் பெருவழிதான், இந்தக் கல்லிலும் பெருவழிதான். வடுகர் நாட்டுக்குப் போகும் வழி வடுகவழி. அதன் பெயராலேயே ஒரு நாட்டுப் பிரிவை அழைத்தார்கள். அப்படியானால் அந்தக் காலத்தில் சாலை என்ன ஆனது? இருந்தது. அதே கல்வெட்டுகளில்தான் இருந்தது. ஆனால் அதற்குச் சுவர் இருந்தது, கூரை இருந்தது, அடுப்பு எரிந்தது.

சாலை என்பது வடமொழியின் சாலா. கூடம், கொட்டகை, மண்டபம். சங்ககாலப் பாண்டியன் ஒருவனுக்குப் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி என்று பெயர். பல வேள்விக் கூடங்களை அமைத்தவன். சோழர் ஆவணங்களில் தேவதானம், பள்ளிச்சந்தம், பிரமதேயம் என்று வரியில்லா நிலங்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டு வரும்போது, கூடவே சாலாபோகம் என்று ஒன்று வரும். வழிப்போக்கருக்கும் இல்லாதவருக்கும் சோறு போடும் சாலையை நடத்துவதற்கென்று விட்ட நிலம். இன்றைய நிகழ்ச்சியின் அழைப்பிதழில் அறக்கட்டளை என்று போட்டிருக்கிறீர்களே, அதன் பாட்டன் இந்தச் சாலாபோகம். முதலைத் தொடாமல் விளைச்சலில் காரியம் நடத்துவது. அன்று நெல், இன்று வங்கி வட்டி. அன்று சோறு போட்டார்கள், இன்று சொற்பொழிவு போடுகிறார்கள். எது நல்லது என்று இந்த மத்தியான வேளையில் நான் கேட்கக்கூடாது.

காஞ்சிபுரத்துப் பக்கம் திருமுக்கூடல் கோயிலில், 11ஆம் நூற்றாண்டில், வீரராசேந்திரன் காலத்து நீண்ட கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அதில் ஆதுலர் சாலை வருகிறது. ஆதுலர் என்றால் நோயாளிகள். 15 படுக்கை. வைத்தியர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர், நாவிதர் ஒருவர், பெண் பணியாளர்கள் என்று யார் யாருக்கு எவ்வளவு நெல் என்பது வரை கணக்கு.

தெற்கே ஆய் நாட்டில் இன்னும் சுவையான சாலை ஒன்று. கருநந்தடக்கன் என்ற அரசன் 866இல் பார்த்திவசேகரபுரத்தில் ஒரு சாலை அமைத்து, செப்பேட்டில் எழுதிவைத்தான். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்துப் பார்த்திவபுரம் அது. 95 சட்டர், அதாவது மாணவர், தங்கிப் படிக்க இடம். எந்த வேதப் பிரிவுக்கு எத்தனை பேர் என்பது கூட உண்டு: 45, 36, 14. விடுதி மாணவர்கள் கத்தியும் கையுமாகச் சண்டை போடக்கூடாது என்றும் விதி இருக்கிறது. விதி எழுதியிருக்கிறான் என்றால் அப்படி நடந்திருக்கிறது என்று அர்த்தம். விடுதிக் காப்பாளர்கள் சிரிப்பது எனக்குத் தெரிகிறது.

இந்தச் சாலை காந்தளூர்ச் சாலையை முன்மாதிரியாக வைத்து அமைந்தது என்று அந்தச் செப்பேடே சொல்கிறது. காந்தளூர்ச் சாலை என்றதும் தமிழாசிரியர்களுக்குக் காது நிமிரும். முதலாம் இராசராசனின் மெய்க்கீர்த்தியில் வெற்றிப் பட்டியல் அங்கிருந்துதான் தொடங்குகிறது. அவன் அங்கே 'கலமறுத்தான்'. கலம் என்பது மரக்கலமா, உண்கலமா, அறுத்தான் என்றால் அழித்தானா, வரையறுத்தானா? இதற்காகவே கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை தனி நூல் எழுதினார். நூறாண்டாக அறிஞர்கள் சண்டை பிடிக்கிறார்கள். நான் அதற்குள் போகவில்லை. ஆனால் எத்தனை கட்சி இருந்தாலும், அந்தச் சாலையை யாரும் ரோடு என்று எடுத்துக்கொள்ளவில்லை. ஒரே ஒருவரைத் தவிர. பல ஆண்டுகளுக்கு முன் நான் திருத்திய விடைத்தாளில் ஒரு மாணவர், "இராசராசன் காந்தளூரில் தரமான சாலை வசதி செய்து கொடுத்தான்" என்று எழுதியிருந்தார். தப்புத்தான். ஆனால் தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்த காது அப்படித்தான் கேட்கும். அரை மதிப்பெண் போட்டேன்.

கூடம் என்ற பொருள் செத்துவிடவும் இல்லை. தொழிற்சாலை, சிறைச்சாலை, பாடசாலை, கோசாலை எல்லாம் நாம் அன்றாடம் சொல்வதுதான். தனியாக நின்றால் மட்டும் அது ரோடாகிவிடுகிறது. வடலூரில் இந்த இரண்டு பொருளும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்பதைப் பார்க்கலாம். சென்னையிலிருந்து கும்பகோணம் போகிற வழியும், கடலூரிலிருந்து விருத்தாசலம் போகிற வழியும் குறுக்கே வெட்டிக்கொள்ளும் நாலுமுனை அது. இறங்கி நின்று, டீக்கடையில் ஓர் அம்மாவிடம் "சாலைக்கு எப்படிப் போகணும்மா?" என்று கேட்டேன். வேண்டுமென்றேதான் கேட்டேன். நாலு பக்கமும் லாரி பறக்கிறது. அந்த அம்மா கொஞ்சமும் தயங்கவில்லை. "சாப்பாட்டுக்கா? அந்தப் பக்கம் போங்க, இன்னும் போட்டுக்கிட்டுத்தான் இருப்பாங்க" என்றார். 1867 மே 23ஆம் நாள் வள்ளலார் தொடங்கிவைத்த சத்திய தருமச்சாலை அவருக்கு வெறும் சாலை. 21 அடி நீள அடுப்பு அன்று மூட்டியது, இன்னும் அணையவில்லை. நடுரோட்டில் நின்றுகொண்டு சாலைக்கு வழி கேட்டால் சோற்றைக் காட்டுகிறார்கள். சாலாபோகக் காலத்துத் தமிழ் அந்த டீக்கடையில் உயிரோடு இருக்கிறது.

இனி முக்கியமான கேள்விக்கு வருகிறேன். வீடாக இருந்தது எப்படி ரோடானது?

ஒரு விளக்கம் எளியது. பெருவழிகளின் ஓரத்தில்தான் சோற்றுச் சாலைகளும் சத்திரங்களும் இருந்தன. தஞ்சை மராத்தியர் இராமேசுவரம் போகிற யாத்திரை வழியில் வரிசையாகச் சத்திரங்கள் கட்டினார்கள். ஒரத்தநாட்டு முத்தாம்பாள் சத்திரம் இன்றும் நிற்கிறது. சாலைகள் நிறைந்த வழி, நாளடைவில் சாலை வழி, பிறகு சாலை. உங்கள் திருச்சியில் சத்திரம் பஸ் ஸ்டாண்டு என்கிறீர்கள். சத்திரத்தில் பஸ் நிற்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. பக்கத்தில் இருக்கும் பொருளின் பெயர் மெல்ல இதன் மேல் ஏறிவிடும்.

இன்னொரு விளக்கம், சாலை வடசொல்லே அல்ல, உழவுச் சால் என்கிறோமே அந்தச் சால்தான் என்பது. ஏர் ஓட்டினால் நேராக விழும் கோடு சால். நேராக வரிசை பிடித்து மரம் நட்டால் சாலை. இதைக் கேட்டவுடன் தனித்தமிழ் நெஞ்சு துள்ளும். துள்ளட்டும். நான் இதை முழுக்கத் தள்ளவும் மாட்டேன். ஏனென்றால் இந்த விளக்கமும் நம்மைக் கொண்டுபோய் விடுகிற இடம் மரவரிசைதான்.

மரத்தை ஏன் பிடித்துக்கொள்கிறேன் என்றால், என் பாட்டி பேசிய ஒரு வாக்கியத்தால். எங்கள் ஊர் மதுரைக்குத் தெற்கே. ஊரை ஒட்டிப் போகும் பழைய வழிக்கு மங்கம்மாள் சாலை என்று பெயர். 1689 முதல் 1706 வரை மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள். ஊஞ்சலில் இருந்தபடி மறதியாக இடக்கையால் தாம்பூலம் போட்டுவிட்டாள், அந்தப் பாவம் தீர நாடெங்கும் வழியும் சத்திரமும் அமைத்தாள் என்பது கதை. பாட்டி அந்தக் கதையைச் சொல்லும்போது "மங்கம்மா ரோடு போட்டா" என்று ஒரு நாளும் சொன்னதில்லை. "மங்கம்மா சாலை வச்சா" என்பாள்.

வைத்தாள். எனக்கு இது வெகு காலம் உறைக்கவில்லை. ரோட்டைப் போடுகிறோம், பாலத்தைக் கட்டுகிறோம், வாய்க்காலை வெட்டுகிறோம். வைப்பது எதை? தென்னை வைப்போம், வாழை வைப்போம், தோட்டம் வைப்போம். சாலையை வைப்பது என்றால் அது நடப்பட்ட ஒன்று. 19ஆம் நூற்றாண்டில் பாதிரிமார் தொகுத்த தமிழ் அகராதிகளைத் திறந்தால், சாலைக்குக் கூடம், கொட்டில் என்ற பொருள்களோடு, இருபுறமும் மரம் நட்ட பாதை என்ற பொருளும் கிடைக்கிறது. வெறும் பாதை அல்ல, மரம் உள்ள பாதை. ஆலும் புளியும் இலுப்பையும் வைத்தது சாலை. அவை இல்லாத இடத்தில் அது வெறும் வழி.

இங்கேதான் என் சொந்த ஊகம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஊகம் என்று சொல்லியே வைக்கிறேன்.

கோயில் கட்டும் ஸ்தபதிகளிடம் பேசிப் பாருங்கள். விமானத்தின் மேல் வரிசையாக இருக்கும் சின்னச் சின்ன உருக்களைக் கர்ணகூடு, சாலை, பஞ்சரம் என்று பெயர் சொல்வார்கள். கர்ணகூடு சதுரமானது. சாலை நீள்சதுரம், அதன் கூரை வண்டிக்கூடு போல நீளவாக்கில் வளைந்திருக்கும். மாமல்லபுரத்து பீம ரதத்தைப் பார்த்திருப்பீர்கள், அது முழுக்க ஒரு சாலை. நம் கோபுரங்களின் உச்சியில், கலசங்கள் வரிசையாக நிற்கும் அந்த நீண்ட வளைவும் சாலைதான். மூங்கிலை வளைத்துக் கூரை போட்ட பழைய நீளக் கொட்டகையைத்தான் கல்லில் செய்து வைத்திருக்கிறார்கள்.

இப்போது நல்ல புளியமரச் சாலை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் அடிமரம் தூண் மாதிரி. மேலே இரு பக்கத்துக் கிளையும் கைகோத்து, நீளவாக்கில் ஒரு வளைவு. நடுப்பகலில் உள்ளே நுழைந்தால் மண்டபத்துக்குள் காலை வைத்த குளிர்ச்சி. சைக்கிளில் போகிறவன் அந்த இடத்தில் மட்டும் மிதிப்பதை நிறுத்துவான். சுவர் இல்லை, அவ்வளவுதான்; கூரை இருக்கிறது, தூண் இருக்கிறது, நீளம் இருக்கிறது. அது சாலையேதான். வீட்டைக் குறித்த சொல் ரோட்டுக்கு எப்படித் தாவியது என்று நாம் திகைக்கிறோம். தாவவே இல்லை என்று நினைக்கிறேன். அந்தச் சொல் எப்போதும் கூரையைத்தான் குறித்தது. கீழே நடந்த நாம்தான் தரையைக் குறிப்பதாக நினைத்துக்கொண்டோம். சாலை ரோடு என்று பெயர் வைத்தவன் காதில் விழுந்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும். மரக்கூரையோ சோற்றுக்கூரையோ, ஏதோ ஒரு கூரைக்கு வாய்த்த ரோடு.

அந்தக் கூரைக்கு அரசாங்கக் கணக்கும் இருந்தது. சாலைப் புளியமரத்தில் இடுப்பளவுக்கு வெள்ளை, கறுப்பு, வெள்ளை என்று பட்டை அடித்து, நடுவில் எண் எழுதியிருப்பார்கள். வருஷா வருஷம் மகசூல் ஏலம். ஏலம் எடுத்தவர் ஆள் வைத்து உலுக்குவார். பெண்கள் சாக்கு விரித்துப் பொறுக்குவார்கள். காற்றில் உதிர்ந்ததை நாங்கள் பள்ளிக்கூடம் போகும் வழியில் பொறுக்கி உப்புத் தொட்டுத் தின்போம். நாலுவழிச்சாலை வந்தபோது எங்கள் ஊர்ப்பக்கம் மரத்துக்கு மீண்டும் எண் போட்டார்கள். இந்த முறை போட்ட எண் வெட்டுவதற்கு. இப்போது நடுத்திட்டில் அரளி பூக்கிறது. அழகாகத்தான் இருக்கிறது, அதன் நிழல் அதன் காலடியைத் தாண்டாது. பெயர்ப்பலகையில் மட்டும் தேசிய நெடுஞ்சாலை. கொஞ்ச தூரம் போனால் சுங்கச்சாவடி. சாவடியும் ஒரு காலத்தில் வழிப்போக்கன் தங்கிய இடம்தான் என்பதை இங்கே சொல்லிவிட்டுப் போகிறேன். சத்திரக்காரன் வழிப்போக்கனை நிறுத்தினான், சோறு போட, இவர்களும் நிறுத்துகிறார்கள்.

நிறுவனர் ஐயாவின் துறை மீது குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். அகலமான ரோடு இல்லாவிட்டால் நான் இன்று மாலையே ஊர் திரும்ப முடியாது. சொல்லைப் பற்றி மட்டும்தான் என் வழக்கு. புளியமரத்தோடு சாலையும் போய்விட்டது, மிஞ்சியிருப்பது பெருவழி. சோழன் வைத்த அந்தப் பெயர் இதற்குப் பொருத்தமாகவே இருக்கிறது, கைவசமும் இருக்கிறது.

கடைசியாக, கடலுக்கு அந்தப் பக்கம். இலங்கைத் தமிழர் ரோட்டை வீதி என்பார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்குப் போகும் அத்தனை நீளமும் கண்டி வீதி. நமக்கு வீதி என்றால் தேர் ஓடும் மாட வீதி. கோவைக்காரருக்குக் கடை வீதி. அங்கே நூறு மைல் காட்டுக்குள் போனாலும் வீதிதான். அமைச்சின் பெயரில் நெடுஞ்சாலை இருக்கிறது, ஆனால் வேலையைச் செய்வது வீதி அபிவிருத்தி அதிகார சபை. சாலை என்ற சொல்லை அவர்கள் கூடத்துக்கென்று பத்திரமாக வைத்திருக்கிறார்கள்: பாடசாலை, வைத்தியசாலை. இன்னொன்றும் உண்டு. அது எனக்குத் தெரியாமல் போய்த்தான் மாட்டிக்கொண்டேன்.

சில ஆண்டுகளுக்கு முன் யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்கு அரசாங்க பஸ்ஸில் போனேன். மத்தியான வெயில், சன்னலோரம், கடல்காற்று. தூங்கிவிட்டேன். கண் விழித்தபோது பஸ் காலி. நடத்துநர் இளைஞர், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என் பக்கத்தில் நிற்கிறார்.

"ஐயா, இறங்குங்கோ. பஸ் சாலைக்குப் போகப் போகுது."

நாம் பணிமனை என்கிறோமே, பஸ்ஸெல்லாம் இரவில் வந்து அடையும் கொட்டகை, அதற்கு அங்கே சாலை என்று பெயர். அதன் மேலாளர் சாலை முகாமையாளர். இதெல்லாம் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டது. அன்றைக்குத் தூக்கக் கலக்கத்தில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. சன்னலுக்கு வெளியே பார்த்தேன். தார் பளபளவென்று இருந்தது.

"சாலையிலதானே தம்பி நிக்குது?" என்றேன்.

அவரும் குனிந்து சன்னல் வழியாக வெளியே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இல்லை ஐயா, இது வீதி."